அடால்ஃப் பெக்கின் முகம்

"பேர் மறந்துடும் சார், முகம் மட்டும் ஜென்மத்துக்கும் மறக்காது." இதைச் சொல்லாத ஆள் கிடையாது. நானும் சொல்லிட்டிருந்தவன்தான். இப்போ சொல்றதில்லை. அதுக்கு ஒரு காரணம் 1895-இல் லண்டனில் நடந்த ஒரு வழக்கு. இன்னொரு காரணம் என் சொந்தக் கதை. அதைக் கடைசியில் சொல்றேன், கொஞ்சம் தைரியம் வரட்டும்.

முதலில் லண்டன். 1895 டிசம்பர் 16. விக்டோரியா தெருவில் அடால்ஃப் பெக் என்ற 54 வயது மனிதர் நின்றுகொண்டிருக்கிறார். நார்வேக்காரர். தென் அமெரிக்காவில், முக்கியமாகப் பெரு நாட்டில், பல வருஷம் இருந்துவிட்டு இங்கிலாந்துக்குத் திரும்பியவர். பெரிய பணக்காரர் இல்லை, ஏதேதோ வியாபாரம் செய்து பார்த்து கடனில் இருந்தவர். நரைத்த தலை, அடர்ந்த மீசை, நல்ல கோட்டு. அப்போது ஒரு பெண் வந்து வழிமறிக்கிறாள். "என் கைக்கடிகாரத்தைக் கொடு" என்கிறாள்.

பெக்குக்கு ஒன்றும் புரியவில்லை. தெருவைக் கடந்து ஓடுகிறார். எங்கே? போலீஸ்காரரிடம்! 'இந்தப் பெண் என்னைத் தொந்தரவு செய்கிறாள்' என்று புகார் கொடுக்கத்தான் ஓடினார். அந்தப் பெண்ணும் பின்னாடியே வந்து, மூணு வாரம் முன்னால் என் நகைகளை ஏமாத்தி எடுத்துட்டுப் போனவன் இவன்தான் என்கிறாள். போலீஸ்காரர் இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். பெக் வீடு திரும்ப வருஷக்கணக்காகும் என்று அவருக்கு அப்போது தெரியாது.

அந்த மோசடி எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏன் என்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. ஒருத்தன் தெருவில் தனியாகப் போகும் பெண்ணிடம் பேச்சுக் கொடுப்பான். வேறு யாரோ சீமாட்டி என்று நினைத்துவிட்டேன், மன்னிக்கணும் என்று ஆரம்பிப்பான். தான் ஒரு பிரபு என்பான். பங்களா, தோட்டம், படகு என்று அளப்பான். மறுநாள் அவள் வீட்டுக்கே வருவான். நல்ல உடுப்பு வாங்கிக்கொள் என்று ஒரு செக் எழுதிக் கொடுப்பான். புது மோதிரம் செய்ய அளவு வேண்டும் என்று இருக்கிற மோதிரத்தைக் கழற்றி வாங்குவான். பழைய கடிகாரத்துக்குப் பதிலாகப் புதுசு தருகிறேன் என்று அதையும் வாங்குவான். போய்விடுவான். செக் திரும்பி வரும். அவ்வளவுதான்.

கவனியுங்கள். இருட்டில் ஓடிவந்து சங்கிலி அறுத்தவன் கதை இல்லை இது. பட்டப்பகலில், எதிரெதிரே உட்கார்ந்து, டீ குடித்து, நிறைய நேரம் பேசியவன். பார்த்தவர்களுக்குப் பயம் இல்லை, அவசரம் இல்லை. இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

இதே மாதிரி ஏமாந்த பெண்கள் இருபதுக்கும் மேல் போலீஸிடம் புகார் கொடுத்திருந்தார்கள். அவர்களை வரவழைத்தார்கள். பெக்கையும், தெருவில் போனவர்களில் சிலரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். (நம்மூர் செய்தித்தாள்களில் 'அடையாள அணிவகுப்பு' என்று போடுவார்களே, அதுதான்.) அந்த வரிசையில் நரைத்த தலையும் மீசையும் இருந்தவர் பெக் ஒருத்தர்தான். பெண்கள் ஒவ்வொருவராக வந்து, நரைத்த தலையும் மீசையும் வைத்திருந்த ஒரு மோசடிக்காரனைத் தேடிப் பார்த்தார்கள். கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? எல்லாரும் கை காட்டவில்லை. ஆனால் வழக்குப் போடப் போதுமான பேர் காட்டினார்கள்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. செய்தித்தாளில் இதைப் படித்த யாருக்கோ பழைய ஞாபகம் வந்தது. 1877-இல் ஜான் ஸ்மித் என்று ஒருத்தன், இதே மாதிரி பிரபு வேஷம், இதே மோதிரம், இதே செக், பிடிபட்டு ஐந்து வருஷம் உள்ளே போனான். அவனைக் கைது செய்த எலிஸ் ஸ்பர்ரல் என்ற போலீஸ்காரரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். அவர் பெக்கைப் பார்த்தார். அவன்தான் இவன், சந்தேகமே இல்லை என்று சத்தியம் செய்தார். பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது!

கையெழுத்து நிபுணர் தாமஸ் கர்ரின் இரண்டு காலத்துச் செக்குகளையும் ஒப்பிட்டு, எழுதியது ஒரே ஆள் என்றார். அது நிஜம். அந்த ஒரே ஆள் பெக் என்று அடுத்த அடி வைத்தார் பாருங்கள், அங்கேதான் வழுக்கினார். பெக்கின் கையெழுத்து வேறே மாதிரி இருக்கிறதே என்றால், வேண்டுமென்றே மாற்றி எழுதியிருக்கிறான் என்று பதில்.

இப்போ ஒரு நிமிஷம் நீங்களே வக்கீலாக இருந்து யோசியுங்கள். 1877 மோசடிக்காரனும் 1895 மோசடிக்காரனும் ஒரே ஆள் என்று அரசுத் தரப்பு சொல்கிறது. 1877-இல் பெக் பெருவில் இருந்தார், அதற்குச் சாட்சி உண்டு. அப்போ 1877 ஆள் பெக் இல்லை. அப்போ 1895 ஆளும் பெக் இல்லை. கதை முடிந்தது, இல்லையா?

முடியவில்லை. 1896 மார்ச்சில் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடிய ஹோரஸ் ஏவரி கெட்டிக்காரர். 1877 விவகாரத்தையே எடுக்காமல் 1895 மோசடிகளை மட்டும் வைத்து வழக்கு நடத்தினார். பெக்கின் வக்கீல் பழைய செக்குகள் பற்றிக் கேட்டதும் எழுந்து ஆட்சேபித்தார், அது இந்த வழக்குக்குச் சம்பந்தம் இல்லை என்று. நீதிபதி ஃபாரஸ்ட் ஃபுல்ட்டன் ஒப்புக்கொண்டார். பெரு கதவு சாத்தப்பட்டது. இதில் இன்னொரு வேடிக்கை (வேடிக்கையா?), 1877-இல் ஸ்மித் மேல் வழக்கு நடத்திய அரசு வக்கீல் யார் தெரியுமா? இதே ஃபுல்ட்டன்தான்.

பெண்கள் கூண்டில் ஏறி ஒருவர் பின் ஒருவராகக் கை நீட்டினார்கள். ஜூரிக்கு அதுவே போதும். ஏழு வருஷம் கடுங்காவல். சிறையில் பெக்குக்கு ஜான் ஸ்மித்தின் பழைய எண்ணையே கொடுத்து, பழைய குற்றவாளி என்று காட்ட ஓர் எழுத்தும் சேர்த்தார்கள். நீதிமன்றத்தில் சம்பந்தம் இல்லாத ஸ்மித், சிறை வாசலில் சம்பந்தம் ஆகிவிட்டார்.

பெக்கின் வக்கீல் மனு மேல் மனு போட்டார். பத்து மனு. ஸ்மித்தின் அங்க அடையாளக் குறிப்பைக் காட்டுங்கள் என்று கேட்டார், மறுத்தார்கள். கடைசியில் 1898-இல் உள்துறை அலுவலகத்தில் யாரோ ஒருத்தர் பழைய ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். ஸ்மித் யூதர், சுன்னத் ஆனவர் என்று அதில் இருந்தது. பெக்குக்கு சுன்னத் ஆகவில்லை. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? நீதிபதி ஃபுல்ட்டனைக் கேட்டார்கள். பெக் ஸ்மித் இல்லை என்பது சரி, ஆனால் 1895 மோசடியைச் செய்தது பெக்தான் என்று அவர் நின்றார். பெண்கள்தான் அடையாளம் காட்டிவிட்டார்களே! சிறை எண்ணில் இருந்த அந்த ஓர் எழுத்தை மட்டும் எடுத்தார்கள். ஆள் உள்ளேயே இருந்தார். எனக்கு இந்தக் கதையில் தாங்க முடியாத இடம் இதுதான். தப்பு என்று தெரியாமல் செய்வது வேறே. காகிதத்தில் பாதித் தப்பைத் திருத்திவிட்டுப் போய்ச் சாப்பிடுவது வேறே.

1901 ஜூலையில் வெளியே விட்டார்கள். (ஒரு சின்னக் கிளைக்கதை. அதே 1901 ஜூலையில்தான் ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு ஆரம்பமானது. ஆரம்பித்த எட்வர்ட் ஹென்றி வங்காளத்தில் போலீஸ் தலைவராக இருந்தவர். அவருக்கு முன்னோடி வேலை செய்து கொடுத்தவர்கள் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். 1897-லேயே கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் வந்துவிட்டது. 1877-இல் ஸ்மித்தின் பெருவிரலை மையில் அழுத்தி வைத்திருந்தால், ஸ்பர்ரலின் ஞாபகசக்தியை யாரும் கேட்டிருக்க வேண்டாம்.)

சரி, கதைக்கு வருவோம். 1904-இல் மறுபடி அதே மாதிரி மோசடி, ஒரு வேலைக்காரப் பெண் புகார் கொடுக்கிறாள். இன்ஸ்பெக்டருக்கு உடனே பெக் ஞாபகம். பெக் வழக்கமாகச் சாப்பிடும் ஹோட்டலுக்கு அந்தப் பெண்ணை அனுப்பி, இருக்கிறானா பார் என்றார். அவளுக்கு அங்கே யாரையும் அடையாளம் தெரியவில்லை. இதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பெக் குடியிருந்த வீட்டுக்கு வெளியே அவளை நிறுத்தி வைத்தார்கள். பெக் வெளியே வந்தார். இவன்தான் என்று அவள் ஓடிப்போய்ப் பிடித்தாள். இன்ஸ்பெக்டர் தயாராக நின்றார்.

ஹோட்டலில் தெரியாத முகம் வீட்டு வாசலில் எப்படித் தெரிந்தது? அந்த வாசலிலிருந்து வருகிறவன்தான் போலீஸ் சந்தேகிக்கிற ஆள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

ஜூன் மாதம் மறுபடி ஓல்ட் பெய்லி. ஐந்து பெண்கள் அடையாளம் காட்டினார்கள். மறுபடி குற்றவாளி. ஆனால் இந்த முறை நீதிபதி வில்லியம் கிரந்தமுக்கு மனசு உறுத்தியது. தண்டனையைச் சொல்லாமல் தள்ளி வைத்தார். அந்த இடைவெளிதான் பெக்கைக் காப்பாற்றியது. ஜூலை 7-ஆம் தேதி இன்ஸ்பெக்டர் ஜான் கேன் வழக்கமான வேலையாக ஒரு ஸ்டேஷனுக்குப் போகிறார். அங்கே இரண்டு நடிகைகளின் மோதிரத்தை ஏமாற்றி வாங்கி, அடகு வைக்கப் போன ஒருத்தனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதே பாணி. ஆனால் பெக் அந்த நேரம் சிறையில்! கேன் போய் அந்த ஆளைப் பார்த்தார். நரைத்த தலை, மீசை, வயதும் கிட்டத்தட்ட அதுவே. வில்ஹெல்ம் மேயர், வியன்னாக்காரர். இவர்தான் 1877-இன் ஜான் ஸ்மித்.

பெண்களைக் கூப்பிட்டார்கள். முன்னே பெக்கைக் காட்டியவர்களே இப்போது மேயரைக் காட்டினார்கள்.

இரண்டு பேர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்குச் சப்பென்று இருக்கும். இரட்டைப் பிறவி மாதிரி இல்லவே இல்லை. ஒரு மீசை, ஒரு நரை, ஒரு தோரணை. அவ்வளவுக்குத்தான் பத்துப் பெண்களுக்கும் மேல், ஒரு போலீஸ்காரர், இரண்டு ஜூரி.

1904 ஜூலை 29-ஆம் தேதி பெக்குக்கு மன்னிப்பு. (செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! சட்டத்தில் வேறு வழி இல்லையாம்.) முதலில் 2,000 பவுண்டு நஷ்ட ஈடு, ஜார்ஜ் சிம்ஸ் என்ற பத்திரிகையாளர் போன்றவர்கள் போட்ட சத்தத்தில் அது 5,000 ஆனது. விசாரணைக் குழு வந்தது. கீழே ஜூரி தப்பாகச் சொன்னால் மேலே போய் முறையிட இங்கிலாந்தில் அதுவரை சரியான நீதிமன்றமே கிடையாது. எத்தனையோ வருஷமாகக் கேட்டும் நடக்காதது 1907 சட்டத்தால் நடந்தது. ஹோரஸ் ஏவரி 1910-இல் நீதிபதி ஆனார். பெக் 1909-இல் ஓர் ஆஸ்பத்திரியில் இறந்தார். கையில் பணம் நிற்கவில்லை என்று சொல்வார்கள்.

இனி, ஏன் இப்படி நடக்கிறது? மனநிலை ஆராய்ச்சிக்காரர்கள் இதைச் சும்மா விடவில்லை. ஹார்வர்டில் இருந்த ஹ்யூகோ மூன்ஸ்டர்பெர்க் 1908-லேயே சாட்சி ஞாபகம் பற்றிப் புத்தகம் போட்டார், வக்கீல்கள் சிரித்தார்கள். 1974-இல் ராபர்ட் பக்ஹவுட் என்பவர் நியூயார்க் டெலிவிஷனில் ஒரு வழிப்பறிக் காட்சியைச் சில நொடி ஓடவிட்டு, பிறகு ஆறு பேரை வரிசையாக நிறுத்தி, யார் என்று போன் பண்ணிச் சொல்லுங்கள் என்றார். 2,145 பேர் போன் செய்தார்கள். சரியாகச் சொன்னவர்கள் 14.1 சதவீதம். ஆறு பேர், அல்லது 'இவர்களில் இல்லை' என்று ஏழு பதில் இருக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டு சீட்டுக் குலுக்கினாலும் அவ்வளவு வரும்.

எனக்குப் பிடித்த சோதனை இன்னொன்று, 2011-இல் வந்தது. நெதர்லாந்தில் பிரபலமான இரண்டு பெண்களின் படங்கள், ஆளுக்கு இருபது. நாற்பதையும் கலந்து கொடுத்து, ஒரே ஆள் படங்களை ஒன்றாக அடுக்குங்கள் என்றார்கள். அவர்களை முன்பின் தெரியாத பிரிட்டன்காரர்கள் ஏழெட்டுக் கட்டாகப் பிரித்தார்கள். அதாவது ஏழெட்டு வெவ்வேறு பெண்கள் என்று நினைத்தார்கள்! நெதர்லாந்துக்காரர்கள் சுலபமாக இரண்டு கட்டாகப் போட்டார்கள். ஞாபகமே தேவைப்படாத சோதனை இது, படம் கண் முன்னாலேயே இருக்கிறது. 'முகம் மறக்காது' என்று நாம் சொல்வது தெரிந்த முகங்களை வைத்து. பெரியப்பாவை முண்டாசு கட்டினாலும், தாடி வைத்தாலும், முதுகைப் பார்த்தாலும் தெரியும். அந்தப் பெருமையை, ஒரு மணி நேரம் பார்த்த அந்நியனுக்கும் நீட்டிக்கொள்கிறோம். அந்நியன் விஷயத்தில் நாம் பிடித்து வைப்பது பெரும்பாலும் மீசையும் நரையும்தான்.

அமெரிக்காவில் கேரி வெல்ஸ் என்பவர் இந்த அணிவகுப்பு விஷயத்தையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டவர். அவர் சொன்னதில் முக்கியமானது: வரிசையைப் பார்க்கும் சாட்சி 'இவன்தானா' என்று பார்ப்பதில்லை, 'இருக்கிறவர்களில் யார் ரொம்ப ஒத்துப்போகிறான்' என்று பார்க்கிறார். நிஜமான ஆள் வரிசையில் இல்லாவிட்டாலும் ஒத்துப்போகிற ஒருத்தன் எப்போதும் இருப்பான். பெக் மாதிரி. அப்போ பத்து சாட்சி என்பது பத்து ஆதாரம் இல்லை. ஒரே தப்பைப் பத்துப் பேரும் தனித்தனியாகச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

1998-இல் வெல்ஸும் ஏமி பிராட்ஃபீல்டும் இன்னொன்றைக் காட்டினார்கள். தப்பான ஆளைக் காட்டியவரிடம், 'நல்லது, சரியான ஆளைத்தான் காட்டினீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்புறம் கேட்டால், அப்பவே எனக்கு உறுதியாகத் தெரிந்தது, முகத்தை நல்லாப் பார்த்தேன் என்கிறார்கள். உறுதி பின்னாலிருந்து முன்னாலே ஓடிப்போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் யார் சந்தேக ஆசாமி என்று தெரியாத அதிகாரி அணிவகுப்பை நடத்தணும், சாட்சி எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்பதை அந்த நிமிஷமே எழுதி வாங்கணும் என்கிறார்கள். முறையாக நடத்தினால், முதல் தடவை சொல்லும் அந்த உறுதிக்கு மதிப்பு உண்டு என்றும் சமீப ஆராய்ச்சிகள் சொல்கின்றன. கோர்ட்டில் கூண்டில் நின்று சொல்கிற உறுதிக்கு அவ்வளவு கிடையாது.

இங்கிலாந்தில் இது உறைக்க இன்னும் எழுபது வருஷம் ஆச்சு. 1970-களில் மறுபடி சில தப்பான தண்டனைகள், 1976-இல் டெவ்லின் பிரபு குழுவின் அறிக்கை, அதை ஒட்டி டர்ன்புல் வழக்குத் தீர்ப்பு. உறுதியாகச் சொல்லும் நேர்மையான சாட்சிகூடத் தப்பாக இருக்கலாம், பல சாட்சிகளும் ஒரே தப்பைச் செய்யலாம் என்று நீதிபதி ஜூரியை எச்சரிக்கணும் என்று விதி வந்தது.

கடைசியாக அமெரிக்க வழக்கு ஒன்று. ரொனால்ட் காட்டன், வட கரோலினா. 1984-இல் ஒரு கல்லூரி மாணவி அவரைத் தன்னைப் பலாத்காரம் செய்தவன் என்று காட்டினார். அந்தப் பெண் சம்பவம் நடந்தபோதே அவன் முகத்தை மனசில் பதிய வைக்கணும் என்று உற்றுப் பார்த்தவர். 1987-இல் மறு விசாரணையில் நிஜக் குற்றவாளியையே அவர் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இவரை நான் பார்த்ததே இல்லை என்றார். 1995-இல் டி.என்.ஏ. சோதனை காட்டனை விடுவித்தது, பத்து வருஷத்துக்கு மேல் போய்விட்டது. அதன் பிறகும் அந்தச் சம்பவத்தை நினைத்தால் காட்டன் முகம்தான் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஞாபகத்தில் இருந்த முகத்தின் மேலே வேறு முகத்தை ஒட்டியாகிவிட்டது. உரித்து எடுக்க முடியாது.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

1986, நான் பத்தாம் வகுப்பு. மத்தியான நேரம், திண்ணையில் உட்கார்ந்து படிச்சிட்டிருந்தேன். எதிர் வீட்டு வாசலில் நின்ற சைக்கிளை ஒரு ஆள் தள்ளிட்டுப் போனார். கட்டம் போட்ட லுங்கி, ஒல்லியான உடம்பு. அவங்க வீட்டு ஆள்னு நினைச்சுட்டேன். சாயங்காலம் கூச்சல். நான்தான் பார்த்தேன்னு நானே பெருமையா சொன்னேன். ரெண்டு நாள் கழிச்சு தெரு ஆளுங்க ஒருத்தரைப் பிடிச்சுட்டு வந்தாங்க, பழைய பேப்பர் வாங்க வர்றவர். கட்டம் போட்ட லுங்கிதான். "தம்பி, இவன்தானே?" என்று எதிர் வீட்டுக்காரர் கேட்டார். 'யார்' என்று கேட்கவில்லை, 'இவன்தானே' என்றார். நான் பார்த்தேன். ஆமாம் மாமா, இவர்தான் என்றேன். கொஞ்சமும் தயங்கவில்லை. ரெண்டு மூணு பேர் அடிச்சாங்க. உதட்டில் ரத்தம் வந்தது. அவர் என்னைப் பார்த்து, "தம்பி, நல்லாப் பாத்துச் சொல்லுப்பா" என்று மட்டும் சொன்னார். நான் மறுபடியும் ஆமாம் என்றேன்.

அடுத்த வாரம் சைக்கிள் கிடைத்தது. எடுத்தது எதிர் வீட்டு மாமாவின் தங்கை பையன். ஊருக்கு வந்தவன், சொல்லாமல் எடுத்துட்டுப் போய் பஸ் ஸ்டாண்டில் விட்டிருக்கான். அவனே சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள், சைக்கிளைத் துடைத்து உள்ளே வைத்தார்கள். பேப்பர்காரர் அதுக்கப்புறம் எங்க தெருவுக்கு வரவில்லை. யாரும் போய்த் தேடவும் இல்லை, நானும்தான்.

இப்போ கண்ணை மூடி அந்த மத்தியானத்தை நினைச்சுப் பார்க்கிறேன். திண்ணை தெரிகிறது, வெயில் தெரிகிறது, சைக்கிள் தெரிகிறது. தள்ளிட்டுப் போனது அந்தப் பையன்தான் என்று எனக்கு நல்லாவே தெரியும். ஆனா முகம் மட்டும் பேப்பர்காரர் முகமாத்தான் வருது.